ரெண்டு ரூபாய் ஆட்சேபணை

"என்னா நானூத்தாறு, செகண்ட் ஷிப்டா?"

எதிரே சைக்கிளில் வரும்போதே அண்ணாச்சி சத்தமாகக் கேட்பார். காய்கறி மார்க்கெட்டிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் வரிசையிலும் அப்படித்தான். நெய்வேலி டவுன்ஷிப்பில் யாரையும் அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் பிளாக்கில் கடைசி வீட்டு டீச்சரம்மா அவருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. பால்காரர் எண்பத்தொன்பது. வாக்காளர் பட்டியலில் உங்கள் பேருக்கு நேரே என்ன வரிசை எண் இருக்கிறதோ, அதுதான் நீங்கள். புதிதாக மாற்றலாகி வந்தவர்கள், "என்ன சார் இது, ஜெயில்ல கூப்பிடற மாதிரி கூப்பிடறாரு" என்று என்னிடம் வந்து குறைப்படுவார்கள். நாலு மாசம் போனால் அவர்களே, "அண்ணே, புது லிஸ்ட்ல நான் எத்தனை?" என்று கேட்டுக்கொண்டு அவர் பின்னால் போவார்கள்.

பட்டியல் திருத்தி வந்தால் எண் மாறும். அவரும் மறுநாளே மாற்றிக்கொள்வார். "நீ இப்ப இருநூத்தித் தொண்ணூறு. உனக்கு மேல நாலு பேரு ரிட்டயர் ஆயி ஊருக்குப் போயிட்டாங்க" என்று என்னவோ பிரமோஷன் வந்த மாதிரி சொல்வார். எனக்கு மட்டும் மாற்றவே இல்லை. எத்தனையோ பட்டியல் வந்து போனது. நான் முந்நூற்று எழுபதுக்கும் வந்தேன், நானூற்று முப்பதுக்கும் போனேன். அவருக்கு நான் கடைசி வரைக்கும் நானூத்தாறுதான். ஒரு தடவை கேட்டே விட்டேன். "சில நம்பரு மறக்க மாட்டேங்குதுப்பா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நம் மேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் பூத் ஏஜென்ட். அவர் ஒரு கட்சி, நான் அதற்கு நேர் எதிர்க் கட்சி. ஓட்டுப்பதிவு அன்று வாக்குச்சாவடிக்குள் கட்சிக்கு ஒருவராக பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் அந்தப் பேருக்குரிய ஆள்தானா என்று பார்த்து, கையிலிருக்கும் பட்டியலில் பேரை அடிக்கிற வேலை. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவன். அவர் இந்த மண்ணுக்காரர். நிலம் கொடுத்து, அதற்கு ஈடாக பர்மனன்ட் வேலைக்கு வந்தவர். என்னை விட மூன்று வயசு மூப்பு, அதனால் எனக்கு அண்ணாச்சி. மைன்ஸில் ஒரே கன்வேயர் பெல்ட்டில் இரண்டு பேரும் ஷிப்ட் பார்த்திருக்கிறோம். ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறோம். தேர்தல் தேதி வந்துவிட்டால் மட்டும் மூஞ்சியை இறுக்கிக்கொள்வோம். அதுவும் எதற்கு என்று யோசித்தால் சிரிப்பாக இருக்கும். கூட்டணி மாறுகிற வேகத்தில், ஒரு பார்லிமென்ட் தேர்தலில் எதிரி, அடுத்ததில் இரண்டு பேரும் ஒரே சின்னத்துக்கு ஓட்டுக் கேட்போம்.

அப்படி ஒன்றாக இருந்த ஒரு தேர்தலில், வேட்பாளர் ஜீப்பில் கும்பிட்டபடி எங்கள் பிளாக்குக்கு வந்தார். மாலை, பட்டாசு, ஒரே தடபுடல். அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "அய்யா, உங்க பேரு எந்த பூத்து லிஸ்ட்ல வருதுங்க?" என்று கேட்டார். வேட்பாளருக்கு ஓட்டு இருந்ததோ எங்கேயோ வேறு தொகுதியில். அந்த மனுஷர் அசடு வழிந்து, "இங்கதான் இனிமே" என்று சொல்லிச் சமாளித்தார். இவர் விடவில்லை. "அப்ப உங்க ஓட்டே உங்களுக்குக் கெடையாதா? அய்யய்யோ பாவம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். கட்சிக்காரர்கள் என்னைப் பார்த்து முறைத்தார்கள், நான் என்னவோ சொல்லிக் கொடுத்த மாதிரி.

எங்கள் தொகுதியின் தேர்தல் சரித்திரம் முழுக்க அவர் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர் அடித்த பட்டியல், சிவப்புப் பென்சில் கோடுகளோடு. எந்த வருஷம் யார் எம்.பி. என்று கேட்டால் மோவாயைத் தடவிக்கொண்டு யோசிப்பார். எங்கள் பூத்தில் முதல் ஓட்டுப் போட்டது யார், மழையில் நனைந்து வந்தது யார், நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிப்போய் வராமல் விட்டது யார் என்று கேளுங்கள், பட் பட்டென்று சொல்வார். ஓட்டு எண்ணுகிற அன்று ஊரே டிவி முன்னால் கிடக்கும். இவர் மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டுக் குறட்டை விடுவார். "ஜெயிச்சவன் டில்லிக்குப் போவான். நமக்கு வந்தவங்க கணக்குதான்" என்பார்.

அவருடைய இன்னொரு அடையாளம், ஓட்டுப்பதிவு அன்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரும் இரண்டு ரூபாய் நாணயம். வந்திருக்கும் ஆள் அந்தப் பேருக்குரியவர் இல்லை என்று ஏஜென்டுக்குத் தோன்றினால், தலைமை அதிகாரியிடம் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபணை சொல்லலாம் என்று சட்டம். பாதிப் பேருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் எதற்கு வம்பு என்று விட்டுவிடுவார்கள். பல இடங்களில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல், வராத பேரையெல்லாம் உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று ஏஜென்டுகளே பேசிப் பிரித்து, ஆள் விட்டுப் போட்டுக்கொள்வதும் உண்டு. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இவர் உட்கார்ந்த பூத்தில் அது நடக்காது. அவர் கட்சி ஆள் ஒருத்தன் செத்தவர் பேருக்கு ஓட்டுப் போட வந்தபோதே ரெண்டு ரூபாயை டக்கென்று மேஜையில் வைத்தவர் அவர். வெளியே வந்ததும் அவர் கட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "யோவ், நீ எந்தக் கட்சிக்குய்யா ஏஜென்ட்?"

"லிஸ்டுக்கு" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. புரிந்தது அந்த ஒரு தேர்தலில்தான். ஓட்டுப் பெட்டி போய் மிஷின் வந்த பார்லிமென்ட் தேர்தல்.

அதற்கு முந்தின வருஷம், வயலுக்குப் பின்னால் அவருடைய ஊரும் சுரங்கத்துக்குப் போய்விட்டது. ஜனங்கள் காடாம்புலியூர், குள்ளஞ்சாவடி, மேல்பட்டாம்பாக்கம் என்று உறவுக்காரர்கள் இருக்கிற திசையில் சிதறிப் போனார்கள். ஊர் போனாலும் பட்டியலில் பேர் போகவில்லை. இருநூற்றுச் சொச்சம் பேரும் அப்படியே இருந்தார்கள். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் பள்ளம்தானே இருக்கிறது, அதனால் அந்த ஊர்ப் பட்டியலையும் எங்கள் பிளாக் பட்டியலையும் சேர்த்து டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பூத்தாகப் போட்டுவிட்டார்கள். அந்தப் பட்டியலில்தான் நான் நானூத்தாறு.

தேர்தலுக்கு முன்னால் ஒரு நாள் பெல்ட் ஓரத்தில் அந்தப் பட்டியலை விரித்து எனக்குக் காட்டினார். வீட்டு எண் வரிசைப்படி அச்சடித்த பட்டியல். விரலை வைத்து நகர்த்திக்கொண்டே, "இது கோயில் முக்கு. இங்கேர்ந்து ஏழு வூடு. இது எங்க பெரியப்பா வூடு. இது கெணத்தடி வூடு, இங்க திரும்பணும்" என்று சொல்லிக்கொண்டே போனார். எங்கள் முன்னால் பெல்ட்டில் மண் ஓடிக்கொண்டிருந்தது. அது அவருடைய ஊர் மண்ணுதான்.

"அடுத்த லிஸ்ட்ல எங்க ஊரு இருக்காது நானூத்தாறு. இந்த ஒரு தபா எல்லாரையும் கொண்டாந்து நிக்க வெச்சிடணும்" என்றார்.

லீவு நாளெல்லாம் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வீடு வீடாகப் போய் ஓட்டு சிலிப் கொடுத்தார். "ஓட்ட யாருக்கு வேணாப் போடு. வந்து நில்லு" என்று எங்கள் கட்சி ஆட்களையும் அவரே கூப்பிட்டதில், அவர் கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எல்லா வீட்டுக்கும் போனவர் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. சிலிப்பை வேறு ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். காடாம்புலியூரில் முந்திரித் தோப்பைக் குத்தகை பார்த்துக்கொண்டிருந்த அவருடைய சொந்த அண்ணன் வீடு. நிலம் கொடுத்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மே மாசத்து வெயில். காலை ஏழு மணிக்கே வேனிலும் ஷேர் ஆட்டோவிலுமாக வந்து இறங்கிவிட்டார்கள். வரிசையில் நிற்கச் சொன்னால் எங்கே நிற்கிறார்கள்? ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்து அழுவதும், "பொண்ணுக்கு எங்க குடுத்த?" என்று கேட்பதும், பள்ளிக்கூட வாசலே கல்யாண வீடாகிவிட்டது. அப்புறம் யார் சொன்னார்களோ தெரியாது, ஊரில் வீடு இருந்த வரிசையிலேயே நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரர். பெஞ்சில் இவர் தலை குனிந்தபடி அடித்துக்கொண்டே இருந்தார். பென்சிலை மூன்று தடவை சீவினார்.

நாலு மணிக்கு எட்டிப் பார்த்தேன். ஊர்ப் பட்டியல் பூராவும் சிவப்பு. ஒரே ஒரு பேர் பாக்கி, அண்ணன் பேர்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கட்சி நகரப் பொறுப்பாளர் காலையிலிருந்து வெளியே ஆள் விட்டுக்கொண்டிருந்தார். "வராத பேரு என்னா இருக்கு?" என்று. அப்போது பட்டியலில் போட்டோ கிடையாது. அட்டை கேட்டால், வீடு மாறும்போது தொலைந்துபோச்சு என்றால் அந்த ஊர் ஆட்களை யாரும் அழுத்திக் கேட்க மாட்டார்கள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய், அந்த அண்ணன் பேரை எழுதிய சிலிப்பைக் கொடுத்தேன். அண்ணன் வரப்போவதில்லை. அண்ணாச்சிக்கோ ஊர் முழுசாக வரணும். இந்த ஒரு பேருக்கு அவர் ரெண்டு ரூபாயை எடுக்க மாட்டார், அவர் ஆசையும் நிறைவேறும், நமக்கும் ஒரு ஓட்டு. என் புத்தி அப்படிப் போச்சு. ஒரு ஓட்டுக்காக!

நாலு இருபதுக்கு ஆள் வந்தான். ஐம்பது வயசு இருக்கும், வெள்ளை வேட்டி. அதிகாரி வரிசை எண்ணையும் பேரையும் சத்தமாக வாசித்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் அவர் பென்சில் பேருக்கு மேலே வந்து நின்றது. நின்றது நின்றபடி இருந்தது. நான் உள்ளுக்குள் "அடிச்சிடுங்க அண்ணாச்சி, அடிச்சிடுங்க" என்று சொல்லிக்கொண்டேன். அவர் எழுந்து போய் ரெண்டு ரூபாயை மேஜையில் வைத்தார்.

"ஆட்சேபணைங்க."

தலைமை அதிகாரிக்கு எரிச்சல். "இந்த ஆள் அவர் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவரு என் கூடப் பொறந்தவருங்க."

வந்தவன் சிலிப்பை மனப்பாடம் பண்ணியிருந்தான். அப்பா பேர், வீட்டு எண் எல்லாம் கடகடவென்று ஒப்பித்தான். அதிகாரிக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவர் அவன் முன்னால் போய் நின்று, "அதெல்லாம் இருக்கட்டும். நான் யாருன்னு தெரியுதா?" என்றார்.

அவன் இவரை மேலும் கீழும் பார்த்தான். "தெரியுமே. ஏஜென்டு" என்றான்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. போலீஸைக் கூப்பிடட்டுமா என்று அதிகாரி கேட்டதற்கு, "போவட்டும் சார். வவுத்துக்கில்லாம வந்தவன். அனுப்பினவரு எங்கயாவது சவுகரியமா உக்காந்துகினு இருப்பாரு" என்று சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பொதுவாகச் சொல்கிறார் என்றுதான் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஐந்து மணிக்குக் கதவைச் சாத்த வேண்டும். பத்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம். உள்ளே வந்தவரைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அதே மூக்கு, அதே நடை. கொட்டை உடைக்கிற ஆட்களுக்கு இருப்பது போல விரலெல்லாம் முந்திரிப்பால் பட்டுக் கறுத்திருந்தது. மை வைக்கிறவர் எங்கே வைப்பதென்று தெரியாமல் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணன் ஓட்டைப் போட்டுவிட்டு எங்கள் பெஞ்சு ஓரமாக வந்தார். நின்றார்.

"எல்லாம் வந்துட்டாங்களா?"

"நீதான் கடசி" என்றார் இவர்.

அவ்வளவுதான் பேச்சு. அண்ணன் போனதும் பென்சிலை எடுத்து அந்தப் பேரை அடித்தார். என்னிடம் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

மிஷினுக்கு சீல் வைத்து முடித்து சைக்கிள் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் அவராகச் சொன்னார். நிலம் இரண்டு பேர் பேரிலும் கூட்டாக இருந்திருக்கிறது. அண்ணனுக்குக் கொடுக்க மனசில்லை. இவருக்கு பர்மனன்ட் வேலை கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கிறது. பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கடைசி நாள். அண்ணன் வரவில்லை. அண்ணன் கையெழுத்தையும் இவரே போட்டுவிட்டார்.

"அவரு பேர்ல நான் ஒரு தபா போட்டேன் நானூத்தாறு. அதுல நிலம் போச்சு, வூடு போச்சு, அண்ணனும் பூட்டாரு. இன்னிக்கு அவரு வந்து நிக்கசொல்ல, உங்க ஓட்டு ஏற்கெனவே போட்டாச்சுன்னு சொல்லியிருந்தா? பெஞ்சுல யாரு உக்காந்துகினு இருக்கறான்னு பாத்திருப்பாரு. மறுபடியும் இவனேதான்னு திரும்பிப் போயிருப்பாரு. அப்புறம் எந்த ஜென்மத்துல என் மூஞ்சியப் பாப்பாரு?"

நான்தான் அண்ணாச்சி அனுப்பினேன் என்று சொல்லியிருக்கலாம். இருட்டவில்லை, கூட்டமில்லை, இரண்டு பேர்தான் இருந்தோம். நான் குனிந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி நானூத்தாறு, போயிட்டு வா" என்று கிளம்பினார்.

அந்தக் கோழைத்தனத்தை இருபது வருஷம் சுமந்தேன். அண்ணன் அதற்கப்புறம் இவர் வீட்டுக்குப் போகவர இருந்தார். இவர் மகள் கல்யாணத்தில் தாய்மாமனை விடப் பெரியப்பா அலட்டல்தான் ஜாஸ்தி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், சாப்பாடு இறங்காமலும் இருக்கும்.

பிறகு தொகுதிக் கோடுகளை மாற்றிப் போட்டார்கள். அந்த ஊர் பேர் பட்டியலிலிருந்து போனது. நாங்களும் ரிட்டயர் ஆனோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நிலம் கொடுத்தவர்களுக்கு மனை ஒதுக்கிய காலனியில் அவர் வீடு கட்டினார். நானும் தெற்கே திரும்பிப் போகாமல் அதே காலனியில் ஒரு சின்ன வீடு வாங்கினேன். மறுபடியும் ஒரே பூத்து, ஒரே பெஞ்சு. கடைசித் தேர்தலில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. நான் வாசிக்க வாசிக்க அவர் அடித்தார். எதிர்க் கட்சி ஏஜென்ட் வாசித்து இன்னொரு கட்சி ஏஜென்ட் அடித்த அதிசயம் எங்கள் பூத்தில்தான் நடந்திருக்கும்.

அவர் போய் ஏழு மாசம் ஆகிறது.

போன வாரம் பட்டியல் திருத்தத்துக்காக அங்கன்வாடி டீச்சர் வீடு வீடாக வந்தார். கட்சி சார்பில் நானும் கூடப் போனேன். அவர் வீட்டு வாசலில் டீச்சர் பட்டியலைப் புரட்டிவிட்டு, "அய்யா பேரு இன்னும் இருக்கு. இறந்துட்டாருன்னு யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா எடுத்துடலாம்" என்றார்.

அண்ணாச்சியின் சம்சாரம், எனக்கு மதினி, என்னைப் பார்த்தார்கள். எனக்கு மனசு வரவில்லை. "இப்ப என்ன மதினி அவசரம்? இந்த ஒரு எலெக்‌ஷனுக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன்.

"அது ஆவாதுங்கண்ணா. ஆஸ்பத்திரில படுத்துகினு இருக்கசொல்லவே சொல்லிட்டாரு. 'என் பேர நானூத்தாறு கையாலயே அடிக்கச் சொல்லு. அடிக்காம உட்டா மறுபடியும் ஆள் அனுப்புவாரு'ன்னாரு. இன்னா ஆளுங்க அது? எனக்கு ஒண்ணும் வெளங்கல. கேட்டா சிரிக்கிறாரு, சிரிச்சிகினே இருமுறாரு."

டீச்சர் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். நான் வாங்கினேன். பேரை எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். உங்கள் வரிசை எண் என்ற கட்டத்தில் கை தானாக எழுதியது.

"சார், உங்க நம்பர் நானூத்தாறு இல்லியே" என்றார் டீச்சர்.

"அடிச்சிட்டு சரியான நம்பரை நீங்களே போட்டுடுங்கம்மா" என்று படிவத்தை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

"உக்காருங்க மதினி. அது என்ன ஆள்னு நான் சொல்றேன்."